செம்மரக் கடத்தல்
தென் ஆந்திர மலைக்காடுகளுக்கே உரிய மரம் செம்மரம்; தெலுங்கில் எர்ரசந்தனம். திருப்பதி, சித்தூர், கடப்பா வட்டாரத்தின் சேஷாசலக் காடுகளில் திருட்டுத்தனமாக வெட்டப்பட்டு, பெரும்பாலும் சீனாவுக்குக் கடத்தப்படுகிறது. அழிவுநிலை உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 1995 முதல் உள்ளது.

காட்டில் தப்பிய கட்டைகளை மடக்கக் கடைசி இடம் துறைமுகம். வேறு சரக்கு என்று பொய்யாக அறிவித்து வந்த கண்டெய்னர்களைச் சென்னையில் சுங்கத் துறையும் வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகமும் பலமுறை பிடித்துள்ளன. சுங்க முத்திரையிட்ட பின்னரும் வழியில் சரக்கை மாற்றுவதுண்டு. ஆகவே முன்கூட்டிய துப்பும் எக்ஸ்ரே ஸ்கேனரும் இன்றியமையாதவை.

2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலத்தில் ஆந்திரப் போலீசார் சுட்டதில் 20 பேர் இறந்தனர். தமிழகத்திலிருந்து மரம் வெட்டச் சென்றதாகப் போலீசார் கூறிய ஏழைகள் அவர்கள். கூலிக்குக் கோடரி பிடித்தவர்களைவிட, பொய் ஏற்றுமதி ஆவணத்தின் பின்னால் இருப்பவர்களைத் தேடிப் பிடிப்பதே இக்கடத்தலை ஒடுக்கும்.