ஹப்ரே வழக்கு

ஆப்பிரிக்க நாடான சாட்டின் முன்னாள் அதிபர் ஹிசேன் ஹப்ரே மீது செனகலின் தலைநகர் டாக்காரில் நடந்த வழக்கு. ஒரு நாட்டை ஆண்டவரை மனித உரிமைக் குற்றங்களுக்காக வேறொரு நாட்டு நீதிமன்றம் தண்டித்தது உலகில் இதுவே முதல் முறை.

1982 ஜூனில் ஹப்ரே ஆட்சியைப் பிடித்தார். லிபியாவின் கடாஃபிக்கு எதிரான அரணாக அவரை எண்ணி அமெரிக்காவும் பிரான்சும் ஆயுதமும் பணமும் கொடுத்தன. எதிரிகள் என்று கருதப்பட்ட இனக்குழுக்களை அவருடைய ரகசியப் போலீஸ் வேட்டையாடியது. தலைநகர் என்ஜமேனாவில் காலனியக் காலத்து நீச்சல் குளம் ஒன்று கான்கிரீட்டால் மூடப்பட்டு நிலத்தடிச் சிறை ஆயிற்று. 1990 டிசம்பரில் கிளர்ச்சித் தலைவர் இத்ரிஸ் தெபியின் படை தலைநகருக்குள் நுழைந்ததும் ஹப்ரே டாக்காருக்குத் தப்பினார். அவர் ஆட்சியில் 40,000 பேர் இறந்திருக்கலாம் என்று 1992இல் விசாரணை ஆணையம் கூறியது.

இவ்வழக்கை உருவாக்கியவர்கள் அரசுகள் அல்ல, சிறையிலிருந்து உயிரோடு மீண்டவர்கள். கணக்காளரான சுலைமான் கெங்கெங் இரண்டாண்டுகளுக்கு மேல் சிறையில் வாடியவர். வெளியே வந்ததும் 792 பேரின் வாக்குமூலங்களைத் திரட்டினார். பழைய அதிகாரிகள் பலர் புதிய ஆட்சியிலும் பதவியில் இருந்ததால், அவற்றைப் பல ஆண்டுகள் மறைத்துவைக்க நேர்ந்தது. பாதிக்கப்பட்டோரின் வழக்கறிஞர் ஜாக்குலின் முதெய்னா 2001இல் எறிகுண்டுத் தாக்குதலில் காயமடைந்தார்; அதன் பிறகும் வழக்கைக் கைவிடவில்லை. அதே ஆண்டு, கைவிடப்பட்ட ரகசியப் போலீஸ் தலைமையகத்தில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பினர் குவியல் குவியலாக ஆவணங்களைக் கண்டெடுத்தனர். காவலில் இறந்த 1,208 பேரின் பெயர்கள் அவற்றில் இருந்தன. கொன்றவர்களே எழுதிவைத்த சாட்சியம் அது.

2000இல் பாதிக்கப்பட்டோர் டாக்காரில் தொடுத்த வழக்கு, செனகல் நீதிமன்றங்களுக்கு அதிகாரமில்லை என்று தள்ளுபடியானது. அவர்கள் பெல்ஜியத்திலும் வழக்குத் தொடுக்க, அந்நாடு ஹப்ரேயை ஒப்படைக்கக் கேட்டது. 'ஆப்பிரிக்காவின் சார்பில்' விசாரிக்குமாறு ஆப்பிரிக்க ஒன்றியம் 2006இல் செனகலைப் பணித்தும் ஆண்டுகள் வீணே கழிந்தன. அவரை விசாரிக்க அல்லது ஒப்படைக்கச் சொன்ன சர்வதேச நீதிமன்றத்தின் 2012 தீர்ப்பும், செனகலில் மக்கி சால் ஆட்சிக்கு வந்ததும்தான் முட்டுக்கட்டையை நீக்கின. சிறப்பு ஆப்பிரிக்க நீதிமன்றம் அமைந்து, 2015 ஜூலையில் விசாரணை தொடங்கியது. தங்களுக்கு நேர்ந்த பாலியல் வன்முறையைப் பெண்கள் நீதிபதிகள் முன் துணிவோடு எடுத்துரைத்தனர். 2016 மே 30 அன்று ஹப்ரேக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது; 2017 ஏப்ரலில் மேல்முறையீட்டிலும் அது உறுதியானது.

2021இல் ஹப்ரே கோவிட் தொற்றால் இறந்தார். மேல்முறையீட்டுத் தீர்ப்பு 7,396 பேருக்கு ஏறத்தாழ 8,200 கோடி சி.எஃப்.ஏ. பிராங்க் இழப்பீடு வழங்கச் சொன்னது. 2024இல் சாட் அரசு கொடுக்கத் தொடங்கிய தொகை அதில் சிறு பகுதியே. பாதிக்கப்பட்டோர் பலர் அதையும் பெறாமலே இறந்துவிட்டனர்.