இசைக்குழுவில் பேஸ் கிட்டார்: "நாலு கம்பிதானே?" என்று கேட்பவரா நீங்கள்?

நண்பர்கள் சேர்ந்து இசைக்குழு தொடங்கும்போது பாடுவதற்கு ஆள் இருக்கும். கிட்டாருக்கு மூன்று பேர் போட்டி போடுவார்கள். டிரம்ஸுக்கும் ஒருவர் கிடைத்துவிடுவார்.

"சரி, பேஸ் யாரு?" என்று கேட்டால் மட்டும் எல்லாரும் அமைதி!

கடைசியில் கிட்டார் போட்டியில் தோற்றவர் கைக்குத்தான் பேஸ் போகும். பீட்டில்ஸ் குழுவிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். 1961இல் பேஸ் வாசித்த ஸ்டூவர்ட் சட்கிளிஃப் குழுவைவிட்டு விலகினார். மற்றவர்கள் யாரும் முன்வராததால் அது பால் மெக்கார்ட்னியின் பொறுப்பானது. பிற்காலத்தில் உலகின் தலைசிறந்த பேஸ் கலைஞர்களில் ஒருவராக அவர் பேசப்பட்டார்.

அப்படியென்றால் நல்ல பேஸ் கலைஞர் என்று யாரைச் சொல்லலாம்? வேகமாக வாசிப்பவரையா?

அது மட்டும் போதாது. அவர் வாசிக்கும்போது மற்றவர்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். பதில் அங்குதான் இருக்கிறது.

பேஸ் கிட்டார் என்றால் என்ன?

பார்க்கச் சாதாரண மின்கிட்டாரைப் போலவே இருக்கும். ஆனால் கழுத்து நீளம், கம்பிகள் தடிமன். பெரும்பாலும் நான்கு கம்பிகள். ஐந்து, ஆறு கம்பிகள் கொண்டவையும் உண்டு.

நான்கு கம்பிகளுக்கும் இ, ஏ, டி, ஜி என்று சுருதி சேர்ப்பார்கள். சாதாரண கிட்டாரின் கீழ்ச்சுருதிக் கம்பிகள் நான்கும் இவைதாம், ஆனால் பேஸில் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். கிட்டாரின் ஆகக் கீழான கம்பி விநாடிக்குச் சுமார் 82 முறை அதிரும். பேஸில் அது சுமார் 41 முறைதான்.

கைத்தொலைபேசியின் சிறிய ஒலிபெருக்கியால் அவ்வளவு தாழ்ந்த ஒலியைச் சரியாகத் தர முடியாது. "பாட்டுல பேஸே கேக்கலையே" என்று உங்களுக்குத் தோன்ற அதுவும் ஒரு காரணம்!

முன்பெல்லாம் அந்த வேலையைச் செய்தது டபுள் பேஸ். ஆள் உயரத்தையும் தாண்டும் பெரிய வயலின் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூக்கிச் செல்வது சிரமம். மற்ற கருவிகளின் சத்தம் கூடக்கூட அது காதில் விழுவதும் குறைந்தது.

1951இல் கலிஃபோர்னியாவின் லியோ ஃபெண்டர், பிரிசிஷன் பேஸ் என்ற மின்கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். கழுத்தில் உலோகக் கட்டைகள் பதித்திருந்ததால் சுரங்களைத் துல்லியமாகப் பிடிக்க முடிந்தது. பெயரும் அதனால்தான். ஃபெண்டருக்கு முன்பே சிலர் மின்பேஸ் செய்திருந்தாலும், உலகெங்கும் பரவியது இதுதான்.

குழுவில் அதன் வேலை என்ன?

இசைக்குழுவில் இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் தாளம்: டிரம்ஸ். இன்னொரு பக்கம் சுரம்: கிட்டார், கீபோர்ட், குரல். பேஸ் இரண்டு பக்கமும் நிற்கும். டிரம்ஸோடு சேர்ந்து தாளத்தைப் பிடிக்கும், அதே நேரத்தில் எந்தச் சுரத்தின் மேல் பாட்டு நிற்கிறது என்பதையும் சொல்லும்.

"அப்போ தம்பூரா மாதிரியா?" என்று கேட்கலாம். பாதி சரி. தம்பூரா ஒரே சுருதியைக் கடைசிவரை பிடித்திருக்கும். பேஸோ பாட்டு நகர நகரத் தானும் நகரும்.

ஓர் எளிய சோதனை. உங்கள் நண்பர் கீபோர்டில் சி, இ, ஜி என மூன்று சுரங்களைச் சேர்த்துப் பிடிக்கிறார். அடியில் நீங்கள் சி வாசித்தால் அது சி மேஜர். கேட்கத் தெளிவாக, நிம்மதியாக இருக்கும்.

இப்போது நண்பர் கையை எடுக்கவே இல்லை. நீங்கள் மட்டும் சி-யிலிருந்து ஏ-வுக்கு இறங்குகிறீர்கள். அதே மூன்று சுரங்கள் ஏ மைனர் செவன்த் ஆகிவிடும். பாட்டில் இலேசான சோகம் வந்து உட்காரும்.

ஒரு விரலை நகர்த்தியது நீங்கள். ஆனால் கேட்பவர், "கீபோர்ட் என்ன அழகா மாறுச்சு!" என்பார். பேஸ் கலைஞரின் வாழ்க்கை இதுதான்!

நல்ல பேஸ் கலைஞரிடம் என்னென்ன இருக்கும்?

1. நேரம் தவறாத கை

டிரம்ஸில் காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்முக்கு கிக் என்று பெயர். கிக்கும் பேஸும் ஒரே நொடியில் விழுந்தால் இரண்டும் ஒரே கருவியாகக் கேட்கும். கொஞ்சம் விலகினாலும் பாட்டு தடுமாறுவதுபோல் இருக்கும். நிமிடத்திற்கு 120 அடி என்ற வேகத்தில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே அரை விநாடிதான்!

2. கேட்கும் காது

நல்ல பேஸ் கலைஞர் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருக்கமாட்டார். டிரம்ஸ் வாசிப்பவரின் காலைக் கவனிப்பார். பாடகர் மூச்சு வாங்குவதைக் கவனிப்பார். பாடகர் பல்லவிக்கு ஒரு சுற்று முன்னதாகவே வந்துவிட்டால், அவரோடு சேர்ந்து திரும்பிவிடுவார். மேடையில் தவறு நடந்ததே கேட்பவருக்குத் தெரியாது.

3. நிறுத்தத் தெரிவது

கம்பியை மீட்டத் தொடங்குவது எளிது. அதை எப்போது அடக்குவது என்பதுதான் சிரமம். தடித்த கம்பி நீண்ட நேரம் அதிரும். அடக்காமல் விட்டால் ஒரு சுரம் அடுத்ததன்மேல் வழிந்து எல்லாம் குழம்பிவிடும். அதனால் வாசிக்காத கம்பிகளை இரண்டு கைகளாலும் இலேசாகத் தொட்டு அமைதியாக வைத்திருப்பார்கள். அந்தச் சிறு இடைவெளிகள்தாம் பாட்டை ஆட வைக்கின்றன.

4. பாட்டுக்கு என்ன வேண்டும் என்ற தெளிவு

சில பாடல்களுக்கு ஒரு சுற்றுக்கு ஒரே சுரம் போதும். சில பாடல்களில் பேஸ் ஓடவேண்டும். "எனக்கு என்னென்ன தெரியும்னு காட்டணும்" என்று நினைத்தால் பாட்டு கெட்டுவிடும். "பாடகர் பாடாத இடம் எங்கே?" என்று தேடி அங்கே மட்டும் ஓர் அழகைச் சேர்த்தால் பாட்டு உயரும்.

5. தனக்கென ஓர் ஒலி

விரலால் மீட்டினால் உருண்டையான ஒலி வரும். பிக் கொண்டு மீட்டினால் ஒவ்வொரு சுரமும் கூர்மையாக விழும். கிட்டார் கலைஞராக இருந்த கேரல் கே, 1963இல் ஒலிப்பதிவுக்கு வராத ஒருவருக்குப் பதிலாக பேஸ் எடுத்தார். பிக்கால் வாசித்தே லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிப்பதிவுக் கூடங்களில் ஆக அதிகம் தேடப்பட்டவர்களில் ஒருவரானார்.

கட்டைவிரலால் கம்பியைத் தட்டும் ஸ்லாப் முறைக்குப் பின்னாலும் ஒரு கதை உண்டு. லேரி கிரஹாம் தம் தாயாரின் குழுவில் வாசித்தபோது டிரம்ஸுக்கு ஆள் இல்லை. அந்த இடத்தை நிரப்ப, கிக் ஒலிக்குப் பதிலாகக் கம்பியைத் தட்டினார், ஸ்னேர் ஒலிக்குப் பதிலாகச் சுண்டி இழுத்தார். வித்தை காட்டுவதற்காகப் பிறந்த முறை அல்ல. குழுவில் எது இல்லையோ அதைக் கொடுத்ததால் பிறந்தது.

6. நம்பகம்

கேட்க ரொம்ப சாதாரணம்தான். ஆனால் ஒத்திகைக்கு நேரத்தோடு வருவது, பாட்டின் அமைப்பை மனப்பாடமாக வைத்திருப்பது, கைவசம் இன்னொரு கேபிள் வைத்திருப்பது... இவை இருந்தால் அடுத்த நிகழ்ச்சிக்கும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

பெயரே போடப்படாத ஒருவர்

மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒரே ஆளிடம் கேட்க விரும்பினால் ஜேம்ஸ் ஜேமர்சனைக் கேளுங்கள்.

1936இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் பிறந்தவர். 1950களில் டெட்ராய்ட் நகருக்குக் குடிபெயர்ந்து, பள்ளியில் டபுள் பேஸ் கற்றார். பிறகு மோட்டவுன் நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசித்த ஃபங்க் பிரதர்ஸ் கலைஞர்களில் ஒருவரானார்.

வலக்கையின் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே கம்பிகளை மீட்டியதற்குப் பேர்போனவர். அந்த விரலுக்கு "ஹுக்", அதாவது கொக்கி, என்றே பட்டப்பெயர்!

டெம்ப்டேஷன்ஸ் குழுவின் 1964ஆம் ஆண்டுப் பாடலான 'மை கேர்ள்' ஆரம்பத்தைக் கேட்டுப் பாருங்கள். சில சுரங்கள்தாம், இதயத்துடிப்பு மாதிரி. வேறெதுவும் இல்லை. அடுத்து, 1967இல் மார்வின் கேயும் டாமி டெரலும் பாடிய 'எய்ன்ட் நோ மவுண்டன் ஹை இனஃப்' பாடலைக் கேளுங்கள். அங்கே பேஸ் துள்ளி ஓடும், குரல்களோடு பேசும்.

வாசித்தவர் ஒருவரே. எவ்வளவு வாசிக்கவேண்டும் என்பதைப் பாட்டு முடிவுசெய்தது.

அந்தப் பாடல்களை உலகமே கேட்டது. ஆனால் 1960களில் மோட்டவுன் இசைத்தட்டுகளில் பாடகரின் பெயர் இருக்கும், வாசித்தவர்களின் பெயர் இருக்காது. இளம் பேஸ் கலைஞர்கள் பலர் அந்த வாசிப்பைக் கேட்டுக் கேட்டே கற்றார்கள், யாருடையது என்று தெரியாமலேயே. பால் மெக்கார்ட்னியும் தம்மைப் பாதித்தவராக ஜேமர்சனைக் குறிப்பிட்டிருக்கிறார்.

1971இல் வெளிவந்த மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' தொகுப்பில்தான் அவருடைய பெயர் அச்சில் வந்தது. 1983இல், 47 வயதில் ஜேமர்சன் காலமானார். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் புகழ் மன்றத்தில் அவர் சேர்க்கப்பட்டார். 2002இல் ஃபங்க் பிரதர்ஸ் பற்றிய ஆவணப்படமும் வெளிவந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

தன்னை முன்னிறுத்தாமல் வாசிப்பது பேஸ் கலைஞரின் குணம். அதற்காக அவருடைய பெயரைப் போடாமல் விடுவது நியாயமா? உங்கள் குழு பாடலை இணையத்தில் ஏற்றும்போது வாசித்த எல்லாருடைய பெயரையும் போடுங்கள். ஒரு நிமிட வேலைதான்!

தமிழ்ப் பாடல்களில்?

பேஸ் ரசிகர்கள் இளையராஜாவின் பாடல்களைத் தனியாகப் பேசுவார்கள். ஒவ்வொரு கருவிக்கும் இசைக்குறிப்பு எழுதிக்கொடுப்பவர் அவர். பேஸுக்கும் தனியான மெட்டு கிடைக்கும். குரல் மேலே ஒரு வழியில் போக, பேஸ் அடியில் வேறொரு வழியில் போய், இரண்டும் வந்து சேரும்.

ஏ.ஆர்.ரஹ்மானின் பல பாடல்களில் சென்னைக் கலைஞர் கீத் பீட்டர்ஸின் பேஸைக் கேட்கலாம். ரஹ்மானின் மேடைகளில் வாசித்தவர்களில் மும்பையின் மோகினி டேயும் ஒருவர். அவருடைய தந்தையும் பேஸ் கலைஞரே.

நீங்களும் தொடங்க நினைக்கிறீர்களா?

• முதலில் கேளுங்கள். நல்ல ஹெட்ஃபோன் போட்டு, பிடித்த பாடலில் பேஸை மட்டும் பின்தொடருங்கள். அதை வாயால் முணுமுணுக்க வந்தால் கையிலும் வரும்.

• "தகதிமி" சொல்லுங்கள். மெட்ரோனோமை நிமிடத்திற்கு 60 அடி என்று வைத்து, ஓர் அடிக்கு ஒரு "தகதிமி" சொல்லுங்கள். முதலில் "த"வில் மட்டும் மீட்டுங்கள். பிறகு "தி"யில் மட்டும். தாளம் உள்ளுக்குள் பதியும்.

• டிரம்ஸ் வாசிப்பவரோடு மட்டும் பயிற்சி செய்யுங்கள். ஜாமிங் அறையில் முதல் 20 நிமிடத்தை இருவருக்கு மட்டும் ஒதுக்குங்கள். இரண்டு பேரும் இணைந்துவிட்டால் மற்றவர்களுக்குப் பாதி வேலை முடிந்தது.

• பதிவுசெய்து கேளுங்கள். வாசிக்கும்போது சரியாகத் தோன்றுவது, கேட்கும்போது முந்தியோ பிந்தியோ இருக்கலாம்.

• அண்டைவீட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். தாழ்ந்த ஒலியைச் சுவரும் தரையும் எளிதில் தடுக்கமாட்டா. உங்களுக்கு மெதுவாகக் கேட்பது கீழ்வீட்டுப் பாட்டிக்கு "டும் டும்" என்று கேட்கலாம்! வீவக வீட்டில் ஹெட்ஃபோன் போட்டுப் பயிற்சி செய்வதே நல்லது.

கடைசியாக ஒரு சோதனை

உங்கள் குழுவின் பேஸ் கலைஞர் எப்படி என்று தெரிய வேண்டுமா? அடுத்த ஒத்திகையில் பாட்டின் நடுவே எட்டுச் சுற்றுக்கு பேஸை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள்.

பாட்டு திடீரென்று மெலிந்துபோகும். டிரம்ஸ் ஒரு பக்கம், கிட்டார் ஒரு பக்கம் என்று தனித்தனியாகக் கேட்கும். பாடகர் திரும்பிப் பார்ப்பார்.

பேஸ் மறுபடி உள்ளே வரும்போது எல்லாரும் ஒன்றாக நிமிர்ந்தால், உங்களுக்கு நல்ல பேஸ் கலைஞர் கிடைத்திருக்கிறார். அவரை விட்டுவிடாதீர்கள்!