மயிலம் வட்டாரத்தில் வீட்டுப் பாட்டுக் கருவிகள்

தமிழ்நாட்டின் சிற்றூர்களுக்கு மின்சாரத்தை முந்திக்கொண்டு வந்தது கிராமபோன். சாவி கொடுத்தால் போதும், உள்ளிருக்கும் சுருள்வில் தட்டைச் சுழற்றிவிடும். திண்டிவனம், மயிலம், விழுப்புரம் என நீளும் ரயில் பாதை ஊர்களிலும் வசதியான வீடுகளுக்குத்தான் அது கட்டுப்படியானது. 10 அங்குல அரக்குத் தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழலும். பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் பாடும். மழுங்கிய ஊசி தட்டின் வரிகளைத் தின்றுவிடும் என்பதால் பக்கம் மாற்றும்போதே ஊசியையும் மாற்றுவார்கள். 1902-இல் கல்கத்தாவில் தொடங்கிய இந்திய ஒலிப்பதிவு, 1930-களுக்குள் தமிழ் மேடையைத் தட்டில் ஏற்றிவிட்டது. நாடக நடிகர் கிட்டப்பாவின் குரலும் நாகஸ்வர வித்துவான் ராஜரத்தினம் பிள்ளையின் தோடியும் சபாவைப் பார்த்திராதவர்களுக்குக் கிடைத்தது இப்படித்தான்.

1938 ஜூன் 16 அன்று சென்னை வானொலி நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கியது. கூடத்தில் தனி மேசை போட்டு வால்வு ரேடியோவை வைப்பார்கள். சுவருக்குச் சுவர் வலைநாடா ஏரியல் தொங்கும். சுவிட்சைப் போட்டதும் பாடாது. வால்வு சூடேற வேண்டும். நிலையம் சரியாகப் பிடிபட்டால், சில செட்டுகளில் பச்சைக் கண் போன்ற குழல் விளக்கின் நிழல் சுருங்கிக் காட்டும். ரேடியோ வைத்திருப்பதற்குத் தபால் அலுவலகத்தில் ஆண்டுதோறும் லைசென்ஸ் கட்ட வேண்டும்; 1980-களில்தான் அது ஒழிந்தது.

1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு இடமில்லாமல் செய்தார். நேயர்கள் சிற்றலையில் இலங்கை வானொலிக்குத் திரும்பிவிட்டார்கள். 1957-இல் விவித பாரதி வந்த பிறகும் அந்தப் பழக்கம் எளிதில் விடவில்லை. டிரான்சிஸ்டர் ரேடியோ வந்ததும் மின் இணைப்பும் தொங்கும் ஏரியலும் தேவைப்படாமல் போயின. ரேடியோ களத்துமேட்டுக்கே போனது.

சொந்தக் கருவி இல்லாதவர்களுக்குப் பாட்டு கிடைத்த இடம் கல்யாண வீடும் கோயில் திருவிழாவும். குழாய் ஸ்பீக்கரை உயரக் கட்டி, மைக் செட்டுக்காரர் ரெக்கார்டு போடுவார். மயிலம் மலை முருகனின் பங்குனி உத்திரம் போன்ற விழாக்கள் இந்தத் தொழிலுக்கு நல்ல காலம். ஆம்ப்ளிஃபயரைத் திறந்து பழுதுபார்க்கக் கற்றுக்கொண்ட இந்தக் கைகளே அடுத்த கட்டத்தை உருவாக்கின என்று சொல்வது பொருந்தும்.

அந்தக் கட்டம் கேசட்டோடு வந்தது. பிலிப்ஸ் 1963-இல் வெளியிட்ட கேசட், 1970-களின் பிற்பகுதியில் சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் திரும்பியவர்களின் டூ-இன்-ஒன் பெட்டிகளோடு ஊர்களுக்குள் நுழைந்தது. இளையராஜாவின் இசையில் ஸ்டீரியோவாகப் பதிவான ‘ப்ரியா’ (1978) படப் பாடல்கள் வந்தபோது, இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் வைத்துக் கேட்கும் ஆசை பெருகியது. ஆனால் வெளிநாட்டு ஸ்டீரியோவுக்குச் சுங்கவரி மிக அதிகம். ஆகவே ரேடியோ மெக்கானிக்குகள் தாங்களே செய்தார்கள். சென்னை ரிச்சி தெருவில் டிரான்ஸ்ஃபார்மர், 2என்3055 டிரான்சிஸ்டர், பின்னாளில் எஸ்.டி.கே. ஐ.சி. வாங்கி வந்து, தச்சர் செய்த பெட்டியில் பொருத்தி, முகப்பில் பாஸ், டிரெபிள் திருகுகளும் தாளத்துக்கு ஏறி இறங்கும் சிவப்பு விளக்குகளும் வைத்துக் கொடுத்தார்கள். இதற்குப் பெயர் அசெம்பிள் செட்.

ஸ்பீக்கர் பெட்டிக்கும் செலவு செய்ய முடியாதவர்கள் மண்பானையை எடுத்தார்கள். பானை வாயின் மேல் ஸ்பீக்கரை வானம் பார்க்க வைத்தால், கூம்பின் பின்பக்க ஒலி உள்ளேயே அடைபடும். முன்பக்க ஒலியோடு கலந்து பாஸைக் கெடுக்காது. எடையுள்ள, வளைந்த சுவர் பலகைப் பெட்டியைப் போல எளிதில் அதிராது. உள்ளிருக்கும் காற்றும் தன் பங்குக்கு முழங்கும். பானை ஸ்பீக்கரை ஏழ்மையின் சமாளிப்பு என்று தள்ளிவிடக் கூடாது. ஒலியியல் விதிகளுக்கு ஒத்த, நேர்மையான கைவினை அது. முடிதிருத்தும் கடை, டீக்கடை, கூரை வீடு எல்லாவற்றிலும் அது பாடியது.

பாட்டைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு வேலையாக இருந்தது. நோட்டுத் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதி, 60 நிமிட அல்லது 90 நிமிட வெற்றுக் கேசட்டோடு, பாட்டைப் பதிந்து தரும் ரெக்கார்டிங் சென்டரில் கொடுப்பார்கள். சில நாள் கழித்து வாங்கிவருவார்கள். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்பதில் அவரவர் ரசனை தெரியும். உரிமை பெறாத பதிவுதான் என்றாலும், எல்பி தட்டு வாங்க முடியாத வீடுகளுக்குத் தங்களுக்கென்று ஒரு தொகுப்பு இதனால்தான் வாய்த்தது.

சி.டி.யும் எம்பி3-யும் ரெக்கார்டிங் சென்டரை மூடவைத்தன. அசெம்பிள் தொழில் மட்டும் நிற்கவில்லை. 5.1 ஸ்பீக்கர், யு.எஸ்.பி., புளூடூத் பலகை என்று உள்ளே இருப்பது மாறியிருக்கிறது. கேட்பவரின் காதுக்கும் கையிருப்புக்கும் ஏற்றபடி செட் செய்து தரும் மெக்கானிக்குகள் தமிழ்நாட்டுச் சிறுநகரங்களில் இன்றும் இருக்கிறார்கள்.