அரிசிச் செலவும் கணக்கில் ஏறாச் செலவும்

வருவாய் ஏற ஏற, அதில் உணவுக்குச் செல்லும் பங்கு குறையும் என்று எர்ன்ஸ்ட் எங்கல் என்னும் ஜெர்மானியப் புள்ளியியல் அறிஞர் 1857-இல் கண்டு கூறினார். நம் நாட்டில் வீடுதோறும் சென்று செலவைக் கேட்டெழுதும் பணியைத் தேசிய மாதிரி ஆய்வு 1950-இல் தொடங்கிற்று. எங்கல் கூறியது நம் அடுப்படியிலும் மெய்யாகியிருப்பதை அவ்வேடுகளில் காண்கிறோம்.

1999-2000-இல் நகரத்துக் குடும்பம் செலவிட்ட நூறு ரூபாயில் 48 ரூபாய் உணவுக்குச் சென்றது. 2022-23-இல் அது 39 ஆகக் குறைந்தது. இதனினும் வியப்பு தானியத்தின் கதை. அரிசி, கோதுமை முதலியவற்றுக்கு முன்பு 12 ரூபாய்க்கு மேல். பின்பு 4 ரூபாய்கூட இல்லை. பானங்களும் ஆயத்த உணவும் 6 ரூபாய்ச் சொச்சத்திலிருந்து 10 ரூபாயைத் தாண்டிவிட்டன! ஊரிலிருந்து புழுங்கலரிசி மூட்டையை ரயிலேற்றி வந்தவர்கள் இதை எளிதில் நம்பமாட்டார்கள்.

தில்லியில் யமுனைக்குக் கிழக்கே, மயூர் விஹாரில், 1980-களில் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களின் அடுக்குமாடிகள் எழுந்தன. கரோல் பாக் வாடகை வீடுகளிலும் அரசாங்கக் குடியிருப்புகளிலும் இருந்த நம்மவர் பலர் ஆற்றைக் கடந்தனர். சொந்த வீடு என்றதும் கடன் தவணை வந்தது. அலுவலகம் தொலைவாயிற்று, மெட்ரோ ரயில் 2009 நவம்பரில்தான் அங்கு எட்டிப் பார்த்தது.

ஆயினும் வீடு வாங்கச் செலுத்தும் தொகையை ஆய்வாளர் நுகர்வுச் செலவில் சேர்ப்பதில்லை. ஊரிலுள்ள பெற்றோருக்கு அனுப்பும் பணத்தையும் சேர்ப்பதில்லை. அதற்குக் காரணம் உண்டு: பெற்றோர் அப்பணத்தைச் செலவிடும்போது அது அவர்கள் வீட்டுக் கணக்கில் ஏறும், இங்கும் எழுதினால் ஒரே ரூபாயை இருமுறை எண்ணியதாகும். வீடோ, செலவழித்துத் தீரும் பொருளன்று, சொத்து. கணக்கு முறைக்கு இது சரியே. ஆனால் சம்பள நாளன்று மணியார்டரும் தவணையும் போக எஞ்சியதில்தானே இங்கே அரிசி வாங்கினோம்! ஆதலின், அரிசியின் பங்கு சுருங்கியதை மட்டும் கண்டு கை தாராளமாயிற்று என்று முடிவு கட்டுவது அவசரமென்றே நமக்குத் தோன்றுகிறது.

அவ்விரு செலவுகளும் இல்லத்தரசியர் எழுதிவைத்த நோட்டுப் புத்தகங்களில், மளிகைக்கும் பாலுக்கும் மேலே, முதல் வரியில் இருக்கின்றன. பழைய காகிதக்காரரிடம் எடை போடுமுன் அவற்றை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.