எழுதிவைத்த கட்டளை, அழித்தெழுதிய வரைபடம்

திருப்பனந்தாளில் ‘கட்டளை’ என்றால் அதிகாரம் அல்ல, தருமம். எந்த நாளில் எந்தப் பூசை, யாருக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதி, அதற்கான முதலையும் ஒதுக்கிவிடுவது. குமரகுருபரர் காசியில் நிறுவிய மடத்தின் வழிவந்த காசித் திருமடம் 1720இல் இங்கே அமைந்தது. 1935இல் வித்துவான் தேர்வில் முதலாவதாகத் தேறிய மு.வரதராசனுக்கு இந்த மடத்தின் 1000 ரூபாய் பரிசு கிடைத்தது. அன்றைய பள்ளி ஆசிரியருக்கு அது பல மாதச் சம்பளம். பரிசு எப்படி இருக்கலாம் என்று அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. சொன்ன தொகை சொன்னபடி வரும், அதுவே போதும்.

வீடு அப்படியல்ல; குடியிருப்பவரைக் கேட்டுத்தான் கட்ட வேண்டும்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரைக்குத் தொண்டு நிறுவனங்கள் திரண்டு வந்தன. வீட்டுக்குச் சுமார் 325 சதுர அடி, ஒன்றரை லட்சம் ரூபாய் என்று அரசு அளவு சொன்னது. பல ஊர்களில் ஒப்பந்ததாரர் வந்தார். தரையைச் சமப்படுத்த வேம்பும் தென்னையும் போயின. ஒரே அச்சில் வீடுகள் வரிசையாக எழுந்தன. மீனவருக்கு அந்த மரங்களின் நிழல்தான் வலை பழுதுபார்க்கும் இடம், பகலில் கண்ணயரும் திண்ணை. கட்டளை எழுதும் பழக்கத்தில் வீட்டையும் எழுதிவிட்டார்கள்.

அதே கரையில் தரங்கம்பாடியில் வீடு கட்டும் வேலையை எடுத்தது சிஃப்ஸ், மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு. கட்டடக் கலைஞர் பென்னி குரியாகோஸ் குடும்பங்களிடம் பேசி வடிவமைத்தார். இதில் தந்திரம் ஒன்றுமில்லை, பொறுமைதான். அச்சடித்த வரைபடத்தை நீட்டி “எப்படி இருக்கு?” என்றால் நம் ஊரில் “நல்லா இருக்குங்க” என்றுதான் பதில் வரும். அது சம்மதம் அல்ல, மரியாதை. கண்ணெதிரே ஒரு சுவரை அழித்து வேறிடத்தில் போட்டுக் காட்டினால்தான் அடுத்த ஆள் வாயைத் திறப்பார். மடத்தின் மேல் நம்பிக்கை வருவது எழுத்து மாறாததால். இங்கே நம்பிக்கை வருவது வரைபடம் மாறுவதால்.

திருப்பனந்தாள்காரர்களுக்குக் குங்கிலியக்கலய நாயனார் கதை தெரியும். அவ்வூர்க் கோயிலில் சாய்ந்திருந்து, அரசன் யானைகளைப் பூட்டி இழுத்தும் நிமிராத லிங்கம், கலயர் கயிற்றைத் தம் கழுத்தில் கட்டி இழுத்ததும் நிமிர்ந்தது. வீடு கோணலானாலும் சிஃப்ஸ் மறுநாள் அதே மீனவர் முகத்தில்தான் விழித்தாக வேண்டும். கட்டிமுடித்துப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பும் நிறுவனத்துக்குக் கழுத்தில் கயிறு ஏது?

ஆனாலும் கேட்டுச் செய்வதிலும் ஓட்டை உண்டு. இந்தக் கரையில் ‘ஊர்’ என்றால் மீனவப் பஞ்சாயத்து. வரி கட்டும் ஆண்களின் சபை. கணவனை இழந்து மீன்கூடை சுமக்கும் பெண் அந்தக் கணக்கில் பெரும்பாலும் வருவதில்லை. ஊரைக் கேட்டாயிற்று என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிடலாம். அவள் வீட்டு அடுப்பு எந்த மூலையில் என்பது மட்டும் அவளைக் கேட்காமலே முடிவாகியிருக்கும்.