குடலை மறுபடி இணைப்பது எப்போது?

பெருங்குடலின் ஒரு பகுதியை வயிற்றின் வழியாக வெளியே கொண்டுவந்து தைத்து, மலத்தைப் பையில் சேர வைப்பதற்கு கொலாஸ்டமி என்று பெயர். கிராமத்தில் "வயித்துல பை வச்சிருக்காங்க" என்பார்கள். "பையை எப்ப எடுப்பாங்க?" என்பதுதான் வீட்டில் எழும் முதல் கேள்வி. அந்தக் கேள்விக்கு ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. அதில் பாதி பிரெஞ்சுக்காரர்களுடையது என்பது புதுச்சேரிக்காரர்களுக்குக் கூடுதல் செய்தி!

1710ல் பாரிஸில், ஆசனவாய் சரியாக உருவாகாமல் இறந்த குழந்தையின் உடலை ஆராய்ந்த லித்ர், குடலை வயிற்றில் திறந்துவிட்டால் பிழைக்கலாமே என்றார். 1776ல் ரூவான் நகரில் பில்லோர் அதைச் செய்து பார்த்தார். நோயாளி 28ம் நாள் இறந்தார். 1793ல் பிரெஸ்ட் துறைமுகத்தில் துய்ரே ஒரு பச்சிளங்குழந்தைக்குச் செய்தார். அந்தக் குழந்தை 45 வயது வரை வாழ்ந்தது. (அதே 1793ல்தான் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போனது.)

அப்போது திரும்ப இணைப்பது பற்றிப் பேச்சே இல்லை. உயிர் பிழைத்ததே பெரிது. 1921ல் ஆர்ட்மான் புற்றுநோய்க் குடலை வெட்டி, கீழ்முனையை மூடி, மேல்முனையை வெளியே வைத்தார். அவரும் மறுபடி இணைக்க முயலவில்லை.

நிலைமையை மாற்றியது இரண்டாம் உலகப் போர். குடலில் குண்டு பட்டவர்களுக்கு கொலாஸ்டமி செய்யும்படி 1943ல் அமெரிக்க ராணுவ மருத்துவத் துறை உத்தரவிட்டது. பிழைத்தவர்கள் இளைஞர்கள். குடலை மூட வேண்டுமே, எப்போது?

அவசரப்பட்டால் என்ன? முதல் சில வாரங்களில் வயிற்றுக்குள் குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ரத்தம் கசியும் நிலையில் இருக்கும். பிரிக்கும்போது கிழியலாம். அதிகம் தள்ளினால்? பயன்படாத கீழ்க்குடல் சுருங்கிவிடும். அதனால்தான் சாதாரண வளையத் திறப்புக்கு 2-3 மாதம், ஆர்ட்மான் முறைக்கு 3-6 மாதம் என்ற வழக்கம் வந்தது. கீமோதெரபி நடந்தால் பெரும்பாலும் அது முடியும் வரை காத்திருப்பார்கள். தேர்ந்தெடுத்த சிலருக்குச் சிறுகுடல் திறப்பை 8-13 நாளிலேயே மூடலாம் என்று 2017ல் டென்மார்க்-ஸ்வீடன் ஆய்வு ஒன்று காட்டியது. ஆனால் அது எல்லோருக்கும் பொருந்தாது.

புதுச்சேரியில் 1823ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்ததுதான் 1964ல் பெயர் பெற்ற ஜிப்மர். வில்லியனூர், பாகூரிலிருந்து கோரிமேட்டுக்குப் பஸ் ஏறுகிறவர்களுக்குக் கணக்கு வேறு. நடவும் அறுப்பும் இருக்கிற பாகூரில், பை வைத்துக்கொண்டு வயலில் குனிவது கஷ்டம். பைக்கும் காசு வேண்டும். கூலி போகிறது. அதனால் 'சீக்கிரம் எடுத்துடுங்க' என்பார்கள் சிலர். இன்னொரு ஆபரேஷனா என்று பயந்து வருடக்கணக்கில் தள்ளிப்போடுவார்கள் சிலர்.

இரண்டுக்கும் நடுவில் முடிவு செய்ய நாள்காட்டி மட்டும் போதாது. புண் ஆறியதா, ரத்த அளவு தேறியதா, எடை ஏறியதா, கீழ்க்குடலில் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரேயில் கசிவோ அடைப்போ இல்லையா, ஆசனவாய்த் தசை வேலை செய்கிறதா என்று பார்ப்பார்கள். சிலருக்கு இணைக்காமல் விடுவதே பாதுகாப்பு.

டிஸ்சார்ஜ் ஆகும்போதே மூன்று கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும். இது தற்காலிகமா, நிரந்தரமா? எந்த வகை ஆபரேஷன்? எந்த மாதம் பரிசோதனைக்கு வர வேண்டும்? டிஸ்சார்ஜ் சீட்டையும் பத்திரமாக வைக்க வேண்டும். குடலை இணைக்கப்போகும் டாக்டர் வேறொருவராக இருந்தால், உள்ளே என்ன செய்யப்பட்டது என்பது அவருக்கு அதைப் பார்த்துத்தான் தெரியும்.