குருதியா, அழைப்பா?

மனிதர் கூடி ஓர் அமைப்பை ஏற்படுத்தும்போதே ஒரு கேள்வியும் உடன் பிறந்துவிடுகிறது. இன்று இதில் இடம்பெற்றிருப்பவருக்குப் பின் அவ்விடத்திற்கு வரவேண்டியவர் யார்? அவர் பெற்ற மகளா, உடன்பிறந்தாளின் மகளா, எடுத்து வளர்த்த பிள்ளையா, அன்றித் தகுதியுடைய வேறெவருமா? இக்கேள்விக்கு நம் மண் அளித்த விடைகளைத் தேடிச் சென்றால், வரலாறு நம்மைக் கோயில்களில் ஆடியும் பாடியும் விளக்கேந்தியும் பணிசெய்த தேவரடியார் என்னும் பெண்கள் குழுவிடம் கொண்டு சேர்க்கிறது.

திருத்தணி மலையடியில் வாழும் நமக்கு இது தொலைதூரச் செய்தியன்று. 1960 ஏப்ரல் முதல் நாளில் தமிழகத்தோடு இணையும் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் எல்லையூர். முருகன் கோயிலில் அவ்விரு மொழிகளிலும் பாடியவர்கள் தேவரடியார்கள். கும்ப ஆரத்தி எடுத்து இறைவனுக்குக் கண்ணேறு கழிப்பது அவர்களுடைய தனி உரிமை. டச்சு நாட்டு ஆய்வாளர் சாஸ்கியா கெர்சன்பூம் 1987இல் வெளியிட்ட 'நித்தியசுமங்கலி' என்னும் ஆங்கில நூலுக்கு, இக்கோயிலில் பணியாற்றிய ஒரு மூதாட்டியின் நினைவுகள் பெருந்துணையாயின. இறைவனையே கணவனாகக் கொண்டவள் ஒருநாளும் கைம்பெண் ஆவதில்லை என்பது அப்பெயரின் பொருள்.

இவர்களுள் வாரிசு எவ்வாறு முடிவாயிற்று? தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று தெளிவாக விடை கூறுகிறது. ஏறத்தாழ 1014ஆம் ஆண்டைச் சார்ந்தது அது. சோழநாட்டின் பல தளிகளிலிருந்தும் அழைத்துவரப்பெற்ற 400 பெண்டிரின் பெயர், ஊர், குடியிருக்கும் வீடு ஆகியவற்றை ஒவ்வொன்றாக அது பதிவு செய்கிறது. ஒரு பங்குக்கு ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல். பங்கு பெற்ற ஒருவர் இறந்தாலும் ஊரைவிட்டு நீங்கினாலும், அவருக்கு மிக நெருங்கிய உறவினர் அப்பங்கைப் பெற்றுப் பணிசெய்ய வேண்டும். அவ்வுறவினர் தகுதியற்றவராயின், தகுதியுள்ள ஒருவரை அவர் தெரிந்தெடுத்து நிறுத்த வேண்டும். உறவினரே இல்லையாயின், அப்பணியிலுள்ள மற்றவர்கள் கூடித் தகுதியானவரைத் தெரிந்தெடுக்க வேண்டும். உறவுக்கு முதலிடம் உண்டு. ஆயினும் உறவின்மீது தகுதி நின்று தீர்ப்பளித்தது.

காலப்போக்கில் பணிக்கென அளிக்கப்பட்ட பங்கு மானிய நிலமாகி, நிலம் குடும்பச் சொத்தாகியது. சொத்தைக் காக்க வாரிசு வேண்டும். வாரிசாகப் பெண் வேண்டும். மகள் இல்லாதவர் ஒரு பெண்குழந்தையைத் தத்தெடுத்தார். இவர்களிடையே மகனும் மகளும் சமபங்கு பெற்றதை எட்கர் தர்ஸ்டன் 1909இல் எழுதிவைத்தார். பிற குலப்பெண்டிர்க்குக் கிட்டாத சொத்துரிமையும் எழுத்தறிவும் இவர்களுக்குக் கிட்டியிருந்தன என்பதை நாம் மறுக்கலாகாது.

பின்னர் இவ்வுரிமை நீதிமன்றப் படியேறியது. தங்கள் இசைவின்றிப் புதியவர் எவரையும் சேர்க்கலாகாது என்று ஒரு கோயிலின் தாசியர் தொடுத்த வழக்கை 1876இல் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்க மறுத்தது. இவர்களுடைய தத்தெடுப்பு சட்டப்படி செல்லாது என்று 1880இல் பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீய நோக்கம் இல்லையாயின் செல்லும் என்று 1888இல் சென்னை உயர்நீதிமன்றம் கருதியது. மகளா, தத்துமகளா, வெளியாளா என்று நெடுங்காலம் வாதிட்டனர். அறியாப் பருவத்தில் கழுத்தில் பொட்டுக் கட்டப்பெற்ற சிறுமியை மட்டும், 'உனக்கு இது விருப்பமா?' என்று கேட்பார் இல்லை.

அக்கேள்வியைக் கேட்டவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய அன்னை சந்திரம்மாள் அதே மரபில் வந்தவர். 1927இல் சென்னைச் சட்டமன்றத்தில் அவர் தீர்மானம் கொணர்ந்தார். 1929இல் நிறைவேறிய சட்டம் நிலத்தையும் கோயிற்பணியையும் பிரித்தது. பணி செய்யாவிடினும் நிலம் அப்பெண்ணுக்கே உரியதாகும் என்றது. மகளைப் பொட்டுக் கட்டாவிட்டால் வாழ்வாதாரம் பறிபோகும் என்னும் தாயின் அச்சத்தை அது களைந்தது. தேவதாசியர் பலர் தம் உரிமையும் கலையும் அழியும் என அரசுக்கு முறையிட்டதும் உண்மை. 1947ஆம் ஆண்டுச் சட்டம் பொட்டுக் கட்டுவதையே தடைசெய்தது.

வாரிசுக்கு முன்னுரிமை என்னும் எண்ணம் அதனோடு மறைந்துவிடவில்லை. அமெரிக்கக் கல்லூரிகளின் மாணவியர் சங்கங்கள் உறுப்பினரின் மகளுக்கும் தங்கைக்கும் சேர்க்கையில் சலுகை காட்டிவந்தன. பேத்தியும் உடன்பிறந்தார் மகளும் அக்கணக்கில் சேர்வரா என்பது சங்கத்திற்குச் சங்கம் வேறுபட்டது. 2020 முதல் பல சங்கங்கள் அச்சலுகையைக் கைவிட்டன.

திருச்சபையின் விடை யாது? பழைய ஏற்பாட்டில் குருத்துவம் ஆரோனின் குருதிவழி வந்தது. எபிரேயர் திருமுகமோ தலைமுறை வரலாறு அற்ற மெல்கிசெதேக்கின் முறைமையில் கிறிஸ்துவைக் குருவாகக் காட்டுகிறது. தம் தாயும் சகோதரரும் தேடிவந்தபோது, இறைத்திருவுளத்தை நிறைவேற்றுவோரே தம் உறவினர் என்றார் ஆண்டவர். 1844இல் துபுயி அடிகளார் புதுவையில் தூய மரியன்னையின் இருதய சபையை நிறுவிப் பெண்கல்விக்கு வழிதிறந்தார். எழுத்தறிவு தாசியர்க்கே உரியது என்று பிற பெண்கள் கூசிய காலம் அது. அக்கூச்சத்தைத் துபுவா அடிகளார் தம் நூலில் முன்பே பதிவு செய்திருந்தார். அருள்சகோதரியர்க்கு மகள் இல்லை. அவர்களுடைய இடத்திற்குப் பிறப்பினால் உரிமை கொண்டாடுவார் எவருமிலர். ஆயினும் அச்சபை இன்றளவும் நிலைத்திருக்கிறது.

எனினும் நாம் பெருமை பேச இடமில்லை. முறையான திருமணத்தில் பிறவாதவர் குருவாவதற்கு 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் தடை விதித்திருந்தது. தேவரடியார் ஒருவரின் மகன் திருமுழுக்குப் பெற்றுக் குருமடம் நாடியிருந்தால், தன் தாயின் நிலை அவன் வழியை மறித்திருக்கும். சிறப்பு விலக்குப் பெற்றோ, துறவற சபையில் பெருவார்த்தைப்பாடு அளித்தோதான் அவன் அதைக் கடந்திருக்க முடியும். அத்தடை 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லை. சாதியின் பெயரால் அழைத்தலை மறித்த வரலாறும் நமக்கு உண்டு. இன்றும் பங்குகளில் சபைத் தலைமைக்கும், பாடற்குழுவில் இடத்திற்கும், தேர்த் திருவிழா மரியாதைக்கும் 'எங்கள் பாட்டனார் காலத்திலிருந்தே' என்னும் குரல் எழக் கேட்கிறோம்.

நம் பிள்ளைகளுக்கு விசுவாசத்தை விட்டுச்செல்லலாம். அது கொடுக்கக் கொடுக்கக் குறையாதது. பதவியை விட்டுச்செல்ல முனைந்தால், தகுதியுள்ள மற்றொருவரின் அழைத்தலை மறிக்கிறோம். சில வேளைகளில் விரும்பாத நம் பிள்ளையின் கழுத்திலேயே சுமையைக் கட்டுகிறோம். அடுத்த சபைத் தேர்தலில் பெயர்களை முன்மொழியுமுன், இவர் யாருடைய மகள் என்பதை விடுத்து, இப்பணிக்கு இவர் தகுதியுடையவரா, இவருக்கு விருப்பம் உண்டா என்று வினவுவோம்.